நல்லசிவம் சார் பூனைகளைப் பழக்கிய முறை

இதில் பெரும்பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டதுதான். லோதி ரோடில் எங்கள் அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர் நல்லசிவம் சார். மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னது இது. சொன்னபோது ஒரு போரை ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் "இதுக்குத்தான் படிச்சியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எப்போதும் ஒரு பயம். அதனால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

சாருக்குக் கிட்வாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு. ஒரு ஹால், இரண்டு அறை. பெரிய அறையில் ஏசி. ஒரு துளி குளிர்ச்சிகூட வெளியே போகக் கூடாது என்று தச்சரை வரவழைத்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை அடித்திருந்தார். அந்த வீட்டில் ஒழுங்காக மூடும் கதவு அது ஒன்றுதான். உள்ளே சார் மட்டும் படுப்பார். அவர் மனைவி உதயா அக்காவுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. இதைக் கண்டுபிடித்தவரும் சார்தான்.

"ஒரு தடவை தும்மினா. அன்னைக்கே சொல்லிட்டேன், உனக்கு இது ஆகாதும்மா, ஹால்லயே படுத்துக்கோன்னு. அவ உடம்பு எனக்குத் தெரியாதா?"

டெல்லியில் மே மாதத்து ஹால் என்பது ஜன்னல் வைத்த தந்தூரி அடுப்பு. அந்த அடுப்பில் உதயா அக்கா, ஒரு மேசை மின்விசிறி, ஜிலேபி ஆகிய மூவரும் இருந்தார்கள். ஜிலேபி ஆரஞ்சு நிறப் பூனை. "அதுக்கு என் மேல உயிர்" என்று சார் அடிக்கடி சொல்வார்.

சிக்கல் மேல் மாடியிலிருந்து வந்தது. அங்கே குடியிருந்த சுஜாதாவின் கணவருக்குக் கவுகாத்திக்கு மாற்றல். மாற்றல் வந்தால் அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. கொண்டுபோக முடியாததையெல்லாம் சுற்றியுள்ள வீடுகளுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். உதயா அக்கா பங்குக்கு வந்தது சமோசா. பழுப்பு நிறப் பூனை.

"என்னங்க, சுஜாதா பூனையை நாமளே வச்சுக்கலாமா?"

"கூலரைக் கேட்டிருக்கலாமே."

"கூலர் கீழ்வீட்டுக்குப் போயிடுச்சு."

"பூனையும் கீழ்வீட்டுக்கே போகட்டும்."

"அது தெருவுக்குத்தாங்க போகும். வேற யாரும் கேக்கலை."

நல்லசிவம் சார் எதையும் முடியாது என்று சொல்கிறவர் அல்ல. அலுவலகத்திலும் அப்படித்தான். "விதிமுறைப்படி செய்யலாம்" என்பார். அதன் பிறகு அந்தக் கோப்பு வெளிச்சத்தையே பார்க்காது. அதே வித்தையை வீட்டிலும் காட்டினார். செல்போனில் ஒரு கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு வந்தார்.

"தாராளமா எடுத்துட்டு வா. ஆனா முறைப்படி செய்யணும். புதுசைத் தனி ரூம்ல வச்சுக் கதவை மூடணும். அது வாசனையைப் பழசுக்குக் காட்டணும். கதவுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இது, அப்படித்தான் சாப்பாடு. ஜிலேபி சீறுறது நிக்கிற வரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது. இந்தா, நீயே படிச்சுப் பாரு."

இவ்வளவு வேலை என்றால் அக்கா ஆசையை விட்டுவிடுவார் என்பது சாரின் கணக்கு. அக்கா கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தார்.

"சரிங்க. தனி ரூம் எது?"

"எதுன்னா... அந்தச் சின்ன ரூம்."

"அந்தக் கதவு மூடாதே."

"ஒரு ஸ்டூலை வச்சு..."

"முறைப்படின்னு சொன்னீங்களே."

அன்று அந்த வீட்டில் இறுக்கமாக மூடிய இரண்டாவது பொருள் சாரின் வாய்.

சமோசா ஏசி அறைக்குப் போனது. சார் ஹாலுக்கு வந்தார்.

"சரி, அந்த ஏசியையாவது அணைச்சிடு. பூனைக்கு எதுக்கு ஏசி?"

"ஜன்னலைத் திறந்தா குதிச்சிடும். மூடினா வெந்துடும். வாயில்லா ஜீவன்ங்க."

"அப்போ நான்?"

"உங்களுக்குத்தான் வாய் இருக்கே."

"ஆமா, நீ எங்க போறே, தலகாணியோட?"

"புதுசு தனியா இருந்தா பயப்படுமாம், கூட ஆள் இருக்கணுமாம். உங்க கட்டுரையிலதான் போட்டிருக்கு."

"உனக்கு ஏசி ஆகாதேம்மா."

"பூனைக்காகப் பொறுத்துக்கறேன்."

கதவு மூடியது. ரப்பர் பட்டை தன் கடமையைச் செய்தது. ஒரு துளி குளிர்ச்சி வெளியே வரவில்லை.

மறுநாளிலிருந்து சாரின் கொள்கை தலைகீழானது. அந்தப் பூனையை வீட்டுக்குள் விடாமல் இருக்கத் திட்டம் போட்டவர், இப்போது இரண்டு பூனைகளையும் ஒன்று சேர்க்கப் பாடுபட்டார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மூடிய கதவின் முன் உட்கார்ந்துவிடுவார். உதயா அக்கா உள்ளேயிருந்து சமோசாவின் வாசனைத் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார். சார் அதை ஜிலேபியின் மூக்கருகே நீட்டுவார்.

"அச்சா பேட்டி. ஜல்தி ஜல்தி. மோந்து பாரு."

நல்ல பொண்ணு, சீக்கிரம் சீக்கிரம் என்று இந்தியில் கொஞ்சல். ஜிலேபி டெல்லியில் பிறந்த பூனை, தமிழ் அவ்வளவாக வராது என்பது அவர் கருத்து. ஜிலேபி மோந்து பார்க்கும். பிறகு சீறும். எல்லா மொழிக்கும் ஒரே பதில்.

"பாத்தீங்களா, இன்னும் ஆகலை," என்பார் அக்கா. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க."

சமோசாவுக்கு வேறு வீடு பார்க்கலாம் என்று சார் அலுவலகத்தில் எல்லோரையும் கேட்டார். என்னையும் கேட்டார். முனிர்காவில் என் அறையில் நான் காலை நீட்டினாலே கதவு திறக்காது. பூனையும் காலை நீட்டினால் என்ன செய்வது? யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறியது. சாரின் முதுகில் வேர்க்குரு ஏறியது. கோப்புகளில் கையெழுத்துப் போடும் நேரத்தைவிட அவர் முதுகைக் கதவு நிலையில் தேய்க்கும் நேரம் அதிகமானது. இதை நானே பார்த்தேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மூடிய கதவுக்கு முன்னால் நின்று சரணடைந்தார்.

"உதயா, சமோசா இனிமே நம்ம வீட்டுப் பூனை. எப்பவும் இங்கேயே இருக்கட்டும். ஏசி ரூம் எல்லாருக்கும் பொது. நீயும் உள்ளேயே படு. எப்படியாவது இதுங்களைச் சேத்து வை."

"எனக்குத் தும்மல் வந்தா?"

"வரட்டும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு, முதுகைப் பாரு."

மறுநாளே அதிசயம் நடந்தது. வாசனைத் துணியை நீட்டியதும் ஜிலேபி கன்னத்தை வைத்து அதில் தேய்த்தது. கதவு திறந்தது. இரண்டு பூனைகளும் ஒன்றின் காதை ஒன்று நக்கிக்கொடுத்தன. சாருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

"விதிமுறைப்படி செஞ்சா நடக்காதது எதுவுமே இல்லைப்பா," என்று டிபன் டப்பாவை மூடினார். இப்போது கட்டிலில் கால்மாட்டு ஓரம் அவருக்கு. குளிர்ச்சி அங்கேயும் ஓரளவு வருகிறதாம்.

அவர் சொன்ன கதை இத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் சார் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, அதை எடுத்துவர என்னை அனுப்பினார். உதயா அக்கா கதவைத் திறந்தார். ஏசி அறையில், கட்டிலின் நடுவில், இரண்டு பூனைகளும் எந்த வால் எதனுடையது என்று தெரியாதபடி தூங்கிக்கொண்டிருந்தன.

"சார் ரொம்பப் பொறுமையா பழக்கிட்டாராமே அக்கா," என்றேன் மரியாதையாக.

அக்கா சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க தம்பி. கீழ ஸ்கூட்டர் ஷெட்ல பொறந்துச்சுங்க. நான் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தேன், சுஜாதா ஒண்ணைத் தூக்கிட்டுப் போனா. அவர் ஆபீஸ் போனதும் தினமும் மாடிப்படியில ஒண்ணாத்தான் ஆட்டம் போடும். இந்த மே மாசம் மட்டும் ரூமுக்குள்ள. அவர் வர்ற நேரம் பாத்து ஜிலேபியை வெளிய விட்டுக் கதவைச் சாத்துவேன்."

"அப்புறம் ஏன் அக்கா அப்படிச் சீறுச்சு?"

"நான் கொடுத்த துணி அவரோட பழைய பனியனைக் கிழிச்சது தம்பி. சமோசா அதுல படுத்ததே இல்ல. கடைசி நாள் மட்டும்தான் அது படுத்த துண்டைக் கொடுத்தேன்."

ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி எழுதுவது முறையல்ல. பால்கனிக் கொடியில் அந்தப் பனியன் துணி தொங்கியது. எடுத்து வந்து, அப்போதுதான் விழித்த ஜிலேபியின் முன்னால் நீட்டினேன். காதை மடக்கிக்கொண்டு சீறியது. ஒருவேளை அழுக்குத் துணியாக இருக்குமோ என்று அதையும் அக்காவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

இரண்டு தடவை துவைத்ததாம்.