கியர் பிடிக்க ஆள் தேவை

தருமபுரி,
19-3-1972

அன்புள்ள மாப்பிள்ளை ஜமீர் அவர்களுக்கு, மாமா அப்துல் சுபான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும், தங்கள் மாமி ஷரீபுன்னிசாவும், தங்கள் மனைவி ஷகிலாவும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பெங்களூரில் தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நிற்க. தங்கள் காரைப் பற்றி.

ஜனவரியில் என் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த இரண்டு சீட்டு, கூரையில்லாத ரேஸ் காரில் வந்து இறங்கினீர்கள். துரை யாரோ சீமைக்குப் போகும்போது விட்டுப் போனதை ஆசைப்பட்டு வாங்கினீர்கள், சரி, வாலிப வயசு. கியர் தடி கடகடவென்று ஆடுகிறது, சரி, பழைய வண்டி. அது ஆடாமல் இருக்க எண்பது மைலும் என் மகளைப் பிடித்துக்கொண்டே வரச் சொன்னீர்கள், அதைக்கூட விடுங்கள். பந்தலில் சொந்தக்காரர் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, "ஷகிலா புடிச்சா சத்தமே வர்றதில்லீங்க, லாரி கிளீனருங்க தோத்தாங்க போங்க" என்று சொல்லிச் சிரித்தீர்களே, அது எந்த ஊர்ப் புத்தி மாப்பிள்ளை? எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். அவள் சிரிக்கவில்லை. "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, கிளீனரா? அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் பெங்களூருக்கு வரமாட்டேன்" என்று உள்ளே போனவள்தான். தாங்களோ, வண்டியை என் புளி மண்டியில் நிறுத்திவிட்டு, "மாமா, உங்களுக்குத்தான் லாரிக்காரங்க பழக்கமாச்சே, ஒரு வாரத்துல பாத்து வைங்க" என்று பஸ் ஏறிவிட்டீர்கள். இன்றோடு இரண்டு மாசம் ஆகிறது.

முதலில் தங்கள் மாமி, "இதுக்குப் போயி மெக்கானிக்கா?" என்று தன் பழைய சேலையைக் கிழித்துக் கியர் தடிக்குக் கட்டுப் போட்டாள். சத்தம் நின்றது. கூடவே கியரும் நின்றது, ரிவர்ஸைத் தவிர வேறெதுவும் விழவில்லை. கடைவீதியில் பின்பக்கமாகவே மண்டிக்குத் திரும்பி வந்தேன், பள்ளிவாசல் ஹஜ்ரத் எதிரே வந்து ஸலாம் சொன்னார், பதில் சொல்லக்கூடத் தலையைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் அதியமான்கோட்டையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பச்சியப்பனைக் கூப்பிட்டேன். அவன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "பாய், இது வண்டியா, செருப்பா? எங்கிருந்து கை வுடறது?" என்றான். பிறகு கியர் தடியின் அடியிலிருந்த தோல் மூடியைக் கழற்றி, சைக்கிள் டியூப்பை வெட்டித் திணித்தான். இண்டூர் போய் வருவதற்குள் ரப்பர் சூட்டில் உருகி, நாற்றம் தாங்காமல் வழியில் சந்தைக்குப் போன மாடுகூட ஒதுங்கிப் போனது. மறுபடி கழற்றினான், மூடியைப் போடாமல் அப்படியே சாப்பிடப் போனான். பக்கத்தில் நம்ம பொம்பளையாட்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மூடியைப் போட்டு ஓட்டினால், முன்னே கடகட என்றது இப்போது கடகட சலசல கடகட! கியர் பாக்ஸே நொறுங்கிப் போச்சு, என்ஜினை இறக்கணும் என்று அவன் தலையில் கை வைத்துவிட்டான். எனக்கோ தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அஞ்சு நாள் அப்படியே கிடந்தது. ஆறாம் நாள் புளி தட்டுகிற குள்ளம்மாள் எட்டிப் பார்த்து, "மொதலாளி, அது நம்ம கொட்டைங்க சத்தமாட்டம் இருக்குதுங்களே" என்றாள். மூடியைத் திறந்து பார்த்தால், தட்டும்போது தெறித்து விழுந்த புளியங்கொட்டை இரண்டு கை நிறைய! அதை அள்ளி வெளியே போட்டதும் சலசல போயிற்று. கடகட போகவில்லை.

நேற்று பச்சியப்பன் தோல் வாஷர் ஒன்று வெட்டிப் போட்டு, "இனிமே சத்தம் வந்தா என் பேரை மாத்திக்கறேன் பாய்" என்றான். ஷகிலாவே கேட்டுச் சொல்லட்டும் என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே தொப்பூர் வரை ஓட்டினேன். போகும்போது ஒரு சத்தமில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பும்போது ஏற்றத்தில் ஆரம்பித்தது பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மைல் ஓட்டினேன். அப்புறம், யா அல்லாஹ், என் வாயில் சனியன் புகுந்து, "கொஞ்சம் புடிச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"வண்டிய நிறுத்துங்க அத்தா" என்றாள். நிறுத்தினேன். இறங்கி என் பக்கம் வந்து, "அந்தப் பக்கம் போங்க. நீங்க புடிங்க, நான் ஓட்டறேன்" என்றாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன். "ரெண்டு வருசமா பக்கத்துல ஒக்காந்து கியரு புடிச்சவளுக்கு ஓட்டத் தெரியாதா?" என்றாள். பதினைந்து மைல் மாப்பிள்ளை! "எடுங்க" என்றால் கையை எடுக்க வேண்டும், "புடிங்க" என்றால் பிடிக்க வேண்டும். தோள்பட்டை கழண்டு போச்சு, உள்ளங்கையெல்லாம் கிரீஸ். நடுவில் மூக்கு அரித்தது, கையை எடுத்தேன், "சத்தம் வருது அத்தா, ஒழுங்கா புடிங்க" என்று ஒரு அதட்டல். அதியமான்கோட்டை டீக்கடையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பச்சியப்பன் பட்டறையிலிருந்து, "பாய், நல்லா புடிக்கிறீங்க!" என்று கத்தினான். அன்றைக்குப் பந்தலில் நான் சிரித்தேனே, அதற்கு வெட்கப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

ஆகவே என் முடிவு இது. என்னால் இந்த வண்டியோடு மல்லுக்கட்ட முடியாது. வரும் வாரம் புளி மூட்டையோடு லாரியில் ஏற்றி அனுப்புகிறேன், அங்கே காயலான் கடையில் போடுங்கள். தாங்கள் மரியாதையாக வேறொரு வண்டியில் வந்து, அவளிடம் வருத்தம் சொல்லி அழைத்துப் போங்கள். பெற்ற மகள் வீட்டில் இருப்பது எனக்குப் பாரமில்லை. ஆனால் தபால்காரன் வருகிற நேரத்துக்கு அவள் வாசலில் போய் நிற்பதும், வெறுங்கையோடு திரும்புவதும் என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு கார்டு போட உங்களுக்குக் கை வரவில்லையா?

தங்கள் தாயாருக்கு எங்கள் ஸலாம். கோபத்தில் எழுதியிருந்தாலும் துஆ குறையாத,
மாமா அப்துல் சுபான்

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகிற நேரத்தில் பச்சியப்பன் ஓடி வந்தான். தடியின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கிறதாம், அதில் இருக்கவேண்டிய ஸ்பிரிங்கை எவனோ எப்போதோ தொலைத்திருக்கிறானாம். லாரி ஸ்பிரிங் ஒன்றில் விரற்கடை அளவு வெட்டிப் போட்டான். பத்து நிமிஷ வேலை. சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஷகிலா வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "அண்ணே, அந்த ஸ்பிரிங்கைக் கழட்டி அத்தாகிட்ட குடுத்துடுங்க. பெங்களூர் போயி மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். லாரி வேண்டாம், வேறு வண்டியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தாங்கள் பஸ்ஸில் வந்தால் போதும். அவள் ஓட்டுவாள், இடது பக்கத்து சீட்டு தங்களுக்கு. கிருஷ்ணகிரி வரைக்கும் வலது கையால் பிடியுங்கள், அப்புறம் இடது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.