அலைச்செவியார் காதில் விழுந்த குதிரை

எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு விஷயத்தில் ஒரே கருத்து. செல்போன் ஒட்டுக்கேட்கிறது.

சலூன்காரர் யாரிடமோ புது நாற்காலி வாங்கவேண்டும் என்று சொன்னாராம். அன்று மாலையே அவர் போனில் நாற்காலி விளம்பரம் வந்ததாம். மூன்று நாளாக அதே போனில் நாற்காலி விலை தேடிக்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்? பல் டாக்டர் போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அவருடைய லாக் நம்பர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை வேலையாக இருக்கும்போது போன் அடித்தால் அந்த நம்பரை உள்ளேயிருந்து நர்ஸுக்குக் கத்திச் சொல்வார். பல் பிடுங்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மட்டும், "என்கிட்ட ஒளிக்க என்னய்யா இருக்கு?" என்று மார்தட்டுவார். ராத்திரியானால் போனைத் தலையணை உறைக்குள் திணித்துவிட்டுத்தான் படுப்பார்.

இப்படிப்பட்ட தெருவுக்கு அலைச்செவியார் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வந்தார். மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடது காதில் மட்டும் பஞ்சு. பஞ்சு எதற்கு என்றால், ஊரிலுள்ள போன்கள் எல்லாம் அந்தக் காதில் ஓயாமல் புலம்புகின்றனவாம். அணைத்து வைத்த போனை எடுத்து, பஞ்சை நீக்கி, அந்தக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே யார் புகுந்து உளவு பார்க்கிறார்கள், எந்த ரகசியம் கசிந்தது, எல்லாம் சொல்லிவிடுவார். பிறகு போனின் முதுகில் நகத்தளவு வெள்ளித்தகடு ஒன்றை ஒட்டுவார். ஒற்றன் ஓடிவிடுவான். தகட்டுக்குக் கட்டணம் உண்டு. ஓடுகிற ஒற்றனுக்கும் வழிச்செலவு வேண்டாமா?

ஒரே வாரத்தில் கூட்டம் மாடிப்படியில் வழிந்து தெருமுனை வரை நின்றது. கீழே கடையில் விற்பனைக்கு வைத்திருந்த கட்டில்களில் எல்லாம் ஆள்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் விரட்டவில்லை. அவர் கையிலும் ஒரு டோக்கன் இருந்தது.

இவ்வளவு கேலி பேசுகிற நான் ரொம்ப யோக்கியனா என்று கேட்பீர்கள். எதிர்வரிசையில் அச்சகம் வைத்திருப்பவன் நான். அலைச்செவியாரின் டோக்கன் சீட்டை அச்சடித்துக் கொடுத்ததே நான்தான். பெயர், போன் நம்பர், குறை, லாக் நம்பர் என்று நாலு வரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று முறை பிழைதிருத்தினேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. வேறு எந்தப் பிழையும் என் கண்ணில் படவில்லை.

கூடத்து வாசலில் ஒரு அம்மாள் தட்டோடு உட்கார்ந்திருப்பார். "லாக் நம்பரை மறக்காம எழுதுங்க. பூட்டியிருந்தா அலை வெளிய வராது" என்று ஆளுக்கொரு முறை சொல்வார். போன்களால் தட்டு நிறைந்ததும் துணி போட்டு மூடி, உள்ளே 'அமைதி அறை'க்கு அனுப்புவார். அங்கே போன்கள் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கும். தங்கள் ரகசியம் யாருக்கும் தெரிந்துவிடக்கூடாதே என்று பதறி வந்தவர்கள், வரிசையில் நின்று, லாக் நம்பரைக் குண்டு குண்டாக எழுதிக்கொடுத்தார்கள். கணக்கு வாத்தியார் எழுதி, சரிபார்த்து, அடியில் கோடும் போட்டார்.

இத்தோடு போயிருந்தால் தகடு வாங்கினவன் தலையெழுத்து என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அச்சகத்துக்கு மேல்வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் பஸ் டிரைவர். மனைவி வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். கணவரின் தங்கையும் அவர்களோடுதான். புருஷன் தவறினபிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவர், பதினோரு வருஷம் ஆகிறது. சலவைக்கடையில் கவுன்ட்டர் வேலை. தெருவே அவரைச் சலவைக்கடை அக்கா என்றுதான் கூப்பிடும்.

தையல்காரம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை மாடியேறினார். செவியார் போனைக் காதில் வைத்தார். நெற்றி சுருங்கியது.

"தாயே, உங்க கூடப்பிறந்த அக்காகிட்ட ஒரு வேதனையைச் சொல்லியிருக்கீங்க. வீட்ல இருக்கிற ஒரு பொண்ணைப் பத்தி. 'எப்பதான் போவாளோ'ன்னு."

தையல்காரம்மாள் யாருக்காவது கேட்டுவிட்டதா என்று சட்டென்று திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை அவர் தன் அக்காவுக்கு மெசேஜில் எழுதியிருந்தார். வேறு யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

"அந்தப் பொண்ணோட காது இந்தப் போனுக்குள்ள இருக்கு. நீங்க பேசுறது, எழுதுறது, மூச்சு விடுறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். தகடு ஒட்டுறேன். ஆனா ஆள் வீட்ல இருக்கிற வரைக்கும் தகடும் தாங்காது."

அன்று சாயங்காலமே மேல்வீட்டில் சத்தம். "அவ இருந்தா நான் இல்லை" என்று தையல்காரம்மாள் சொன்னது என் காகித அடுக்கு வரை கேட்டது. டிரைவர் பஸ்ஸில் நூறு பேரை அடக்குகிறவர்தான். வீட்டில் ஹார்ன்கூட அடிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்கா வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று முடிவானது. எங்கே பார்ப்பார்? கவுன்ட்டர் சம்பளத்துக்கு இந்த ஊரில் படுக்கத்தான் இடம் கிடைக்கும், காலை நீட்ட முடியாது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கூடத்துக்கு இன்னும் இரண்டாயிரம் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்கா தன் கடைக்கான டோக்கன் புத்தகங்களை வாங்க வந்தார். அழுத முகம். மேஜையில் அடுக்கியிருந்த செவியார் சீட்டில் ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"அண்ணே, இதை யார் எழுதிக் குடுப்பாங்க?"

"வர்றவங்க எல்லாரும்தாம்மா."

"எழுதிக் குடுத்தப்புறம் போன் எங்க இருக்கும்?"

"உள் ரூம்ல. ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கும்."

அக்கா சீட்டைக் கீழே வைத்தார். "எங்க கடைல டோக்கன் குடுத்துட்டுத் துணியை வாங்கிப்போம். பாக்கெட்டைப் பாக்காம மெஷின்ல போட மாட்டோம். பேனா இருந்தா எல்லா துணியும் போச்சு. அப்படிப் பாத்துப் பாத்து, இந்தத் தெருவுல பாதிப் பேர் கதை எனக்குத் தெரியும். யார் சீட்டாடுறாங்க, யாருக்கு என்ன மாத்திரை, யார் வேலை போனதை வீட்ல சொல்லல, எல்லாம் தெரியும். அதுக்காக நான் யார் சட்டையையும் காதுல வெச்சுக் கேட்டதில்லை அண்ணே."

நான் என் தலையில் நானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன். மூன்று முறை பிழைதிருத்தியவன் அல்லவா!

"சொல்லிடலாம்மா. இப்பவே மாடிக்குப் போய்ச் சொல்லிடலாம்."

"சொன்னா யார் நம்புவாங்க? அண்ணியோட ரகசியத்தை அவன் கரெக்டா சொன்னான்ல. பாக்கெட்ல நாமளே ஏதாவது போட்டு அனுப்பினா என்ன?"

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய போன் சும்மா கிடந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டார். என் நம்பரை அதில் 'என் வீட்டுக்காரர்' என்று பதிந்தார். இரண்டு நாள், வேலைக்கு நடுவே, நாங்கள் மெசேஜ் எழுதினோம். நான்தான் கணவர். கப்பலில் வேலை. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். ஒரு வெள்ளைக் குதிரை வாங்கியிருக்கிறேன், தெருவில் யாருக்கும் சொல்லாதே. அக்கா பதில் எழுதினார்: குதிரையை எங்கே கட்டுவது, அண்ணிக்குத் தெரிந்தால் வம்பாகிவிடுமே. நான் உற்சாகத்தில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினேன். ஒரு கட்டத்தில் அக்கா போனைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு நீளமா அவரு பேச மாட்டாரு அண்ணே" என்றார். அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக எழுதினேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை மாடியேறினோம். கூடம் நிறைந்திருந்தது. சலூன்காரர், பல் டாக்டர், வாத்தியார், எல்லாரும் ஆஜர். நாலாவது வரிசையில் தையல்காரம்மாள். கணவர் போனுக்கும் தகடு ஒட்ட வந்திருந்தார். நாத்தனாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா லாக் நம்பரை எழுதிக்கொடுத்தார். போன் ஓய்வெடுக்கப் போனது. ஒரு மணி நேரம் கழித்து அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். செவியார் பஞ்சை நீக்கி, போனைக் காதில் வைத்தார்.

"தாயே, உங்க வீட்டுக்காரர் தூரத்துல இருக்கார். தண்ணி மேல."

"சரிங்க."

"கவலைப்படாதீங்க. அடுத்த மாசம் திரும்பி வர்றார்."

கூடத்தில் வழக்கமாக எழும் "ஆ" எழவில்லை. செவியார் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு உயிரை வாங்கியிருக்கார். நாலு கால். வெள்ளை நிறம். யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கார்."

"குதிரைங்களா?"

"குதிரையேதான்! ஆனா அந்த ரகசியம் கசிஞ்சு போச்சு தாயே. கேட்டது வெளியாள் இல்லை. உங்க அண்ணி. அவங்க காது இந்தப் போனுக்குள்ள இருக்கு."

"நானா?" என்று நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கிறீச்சிட்டது. "எந்தக் குதிரை? நான் எதையும் கேக்கலைய்யா!"

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சு. இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் சாவுக்கு வந்தீங்க. அவரு எப்பங்க குதிரை வாங்கினாரு?"

பல் டாக்டர் மெதுவாக எழுந்தார். படித்தவர் அல்லவா, விளக்கம் இல்லாமல் இருக்குமா? "ஒருவேளை மேல் உலகத்துல இருந்து அலை வருதோ என்னவோ" என்றார்.

செவியார் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அதேதான்! உடம்புக்குத்தான் சாவு. அலைக்குச் சாவு இல்லை!"

கூட்டம் தலையாட்டத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், தலையாட்டியது. குதிரையோடு சேர்த்து விழுங்க வாயைத் திறந்துவிட்டார்கள்.

அக்கா பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். அவருடைய சொந்தப் போன். "சரிங்கய்யா. இதையும் காதுல வெச்சுப் பாத்துச் சொல்லுங்க. லாக் நம்பர் மட்டும் தரமாட்டேன்."

"பூட்டியிருந்தா அலை வெளிய வராது தாயே."

"பூட்டு போட்டிருக்கும்போதுதானே ஒற்றன் உள்ள புகுந்துட்டான்னு சொன்னீங்க? உள்ள வரத் தெரிஞ்சதுக்கு வெளிய வரத் தெரியாதா?"

செவியார் பஞ்சை எடுத்துத் திரும்பக் காதில் செருகினார். இந்த மாதிரிக் கேள்வி அந்தக் காதில் விழாது போலிருக்கிறது.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல், "குதிரையை வாங்கினது நான்தான்! நான்தான் மெசேஜ் அடிச்சேன்!" என்று கத்தினேன். அதற்குள் சலூன்காரர் எழுந்து போய் அமைதி அறைக் கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே நீள மேஜை. மேஜை முழுக்கப் போன்கள், எல்லாம் கண் விழித்தபடி. மூக்குக்கண்ணாடி போட்ட இரண்டு பேர் பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களைப் போல உட்கார்ந்து, ஒவ்வொரு போனாகப் படித்துத் துண்டுச்சீட்டில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். சலூன்காரரின் போன் அப்போது ஒருவர் கையில் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எதைப் படித்துச் சிரித்தார் என்பதை சலூன்காரர் இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பிறகு நடந்தது தள்ளுமுள்ளு. அவரவர் போனை அவரவர் பிடுங்கிக்கொண்டார்கள். செவியாரும் தட்டு அம்மாளும் பின்படி வழியாக இறங்கப் பார்த்தபோது, மரச்சாமான் கடைக்காரர் ஒரு அலமாரியை நகர்த்தி வழியை அடைத்தார். போலீஸ் வந்து அழைத்துப்போனது. வாத்தியார் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தகடு ஒட்டியாச்சு, இருந்துட்டுப் போகட்டும். அதனால என்ன கெட்டுப் போச்சு?" என்றார். இவர்தான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

கூடம் காலியானபோது தையல்காரம்மாள் மட்டும் நாலாவது வரிசையிலேயே இருந்தார். கண் சிவந்திருந்தது. அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"வீட்டுக்குப் போலாம் வா. புத்தி கெட்டுப் போச்சு எனக்கு" என்றார் தையல்காரம்மாள்.

"வர்றேன் அண்ணி. எனக்கும் வேற போக்கிடம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். 'எப்பதான் போவாளோ'ன்னு நீங்க எழுதினது நிஜம்தானே?"

தையல்காரம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "கோவத்துல எழுதிட்டேன்."

"அதை அவன்தான் படிச்சான். நான் படிக்கல. பதினோரு வருஷமா ஒரே அடுப்புல சமைக்கிறோம். ஒட்டுக்கேட்டியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். கோவம்னா என்னையே திட்டியிருக்கலாம், வாங்கிக்கிட்டிருப்பேன். நான் பக்கத்து ரூம்லதான அண்ணி இருந்தேன்?"

தையல்காரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படியிறங்கினார்கள், ஆனால் நடுவில் ஒரு ஆள் போகிற இடம் இருந்தது. அது மூட எவ்வளவு காலம் ஆகுமோ, எனக்குத் தெரியாது. அதற்குச் செவியாரிடம் தகடு இல்லை.

போன் ஒட்டுக்கேட்கிறதா இல்லையா என்று என்னிடம் இன்னும் கேட்கிறார்கள். விசாரித்துப் பார்க்கவேண்டிய விஷயம்தான், விசாரியுங்கள். ஆனால் முன்பின் தெரியாதவனிடம் வீட்டு ரகசியத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருப்பவளைத் திருடி என்று நம்பினீர்களே, அது எந்தப் போன் சொல்லி? லாக் போடவேண்டியது போனுக்கு ஐயா. புத்தியைத் திறந்தே வையுங்கள்.