பாலத்தடியில் மட்டும் அணைகிற கார்

கொட்டாஞ்சேனை,
18.11.1997

அன்புள்ள றேமண்ட் அண்ணாவுக்கு,

தங்கை அருள்நாயகி எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் நானும் இவரும் ஐறீனும் சுகம். நீங்களும் மெற்றில்டா அண்ணியும் ரொறன்ரோக் குளிரில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். சுகமில்லாதது நீங்கள் விட்டுப்போன கார் ஒன்றுதான்.

தை மாதம் கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு அந்தக் காரில்தான் வந்து ஏற்ற வேண்டும், விற்கிற பேச்சே எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, விற்க அனுமதி கேட்டுத்தான் இந்தக் கடிதம். பகலில் அது தங்கமான கார். காலையில் மகளைக் களனிக் கம்பஸில் இறக்கிவிட்டு வரும்வரை ஒரு இருமல் இல்லை. பின்னேரம் ஆறரைக்கு அவளை ஏற்றிக்கொண்டு பாலத்தடிச் செக்பொயின்ற்றுக்கு வந்தால் அணைந்துவிடும். இருட்டினால் அங்கே முன் லைற்றை அணைத்து, உள் லைற்றைப் போட்டு முகத்தைக் காட்ட வேண்டும். ஆமிக்காரருக்கும் அந்தோனியாரில் பக்தி என்று, உள் லைற்றோடு சேர்ந்து எரிய இவர் தன் கையாலேயே காருக்குள் வைத்திருக்கிற அவருடைய சிலைக்கு ஒரு சின்ன பல்ப் பூட்டியிருக்கிறார். அந்தோனியார் பிரகாசமாக எரிவார், கார் செத்துக் கிடக்கும். நடு றோட்டில் அசையாத காருக்குள் மூன்று தமிழர். முதல் நாள் துவக்கை நீட்டினார்கள். மூன்றாம் நாள் சீற்றைக் கழற்றிப் பார்த்தார்கள். இப்போது "ஆயெத்?" என்று, திரும்பவுமா என்ற அலுப்போடு, துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு நாலு பேர் தள்ள வருகிறார்கள். ஸ்ராட்டர் உங்கள் காலத்திலேயே போனதுதானே.

பற்றறி மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு. மெக்கானிக் ஹுசைன் நடுப்பகலில களனி வரைக்கும் ஓட்டிப் பாத்திட்டு, "மிஸ், கார்ல ஒரு பிழையும் இல்ல, நீங்க பயந்து கிளச்ச விடுறீங்க" எண்டார். ஓட்டுறது இவர், ஏச்சு எனக்கு. இவரிட்டச் சொன்னால், "அருள், அது ஆமியைக் கண்டு பயப்பிடுது, பாவம்" எண்டு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் அணைந்துபோவது கார் மட்டுமில்லை, நானும்தான். என்னைத் தள்ளிவிட ஆளில்லை. ஐறீன் வெட்கத்தில, "அம்மா, நான் பஸ்ஸில வாறன்" எண்டு நிக்கிறாள். போன மாதம் பஸ்ஸால இறக்கி ரெண்டு மணித்தியாலம் விசாரிச்ச பிள்ளையை நான் எப்பிடித் தனிய விட?

ஆகவே விற்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் வழியில் மறிப்பில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
அன்புத் தங்கை,
அருள்நாயகி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஹுசைனைப் பின்னேரம் கூட்டிக்கொண்டு போனேன். கார் அணைந்ததும் அவர் சிலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தோனியாரின் பல்புக்கு இவர் கரண்ட் எடுத்திருந்தது இக்னிஷன் வயரில். உள் லைற்றைப் போட்டால் எல்லாம் அவருக்கு, என்ஜினுக்கு ஒன்றுமில்லை. ஹுசைன் அந்த வயரைக் கழற்றினார். நேற்றுப் பாலத்தடியில் கார் அணையவே இல்லை. தள்ள வந்த நாலு பேரும் திகைத்துப்போய், "ஒவ்வொரு நாளும் சாகிற வண்டிக்கு இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று டிக்கியிலிருந்து ஐறீனின் நோட்ஸ் வரை ஒரு மணித்தியாலம் கிண்டினார்கள். இன்றைக்கு வயரைத் திரும்பப் பூட்டிவிட்டோம். ஐந்து நிமிஷத்தில் தள்ளி அனுப்பினார்கள். கார் இருக்கட்டும் அண்ணா. நீங்கள் வரும்போது இறங்கித் தள்ள வசதியாக நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், நாங்கள் மட்டும் உள்ளே இருக்க அவர்கள் தள்ளுவது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.