எட்டு அங்குலம் குறைந்த உத்தரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆற அமர யோசித்து, தாளில் எழுதி, கூட்டிக் கழித்து நான் எடுத்த முடிவு வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அது ஒன்றேகால் மணி நேரம் நிலைத்தது.

1950-ஆம் வருஷம். ஓவர்சியர் பரீட்சை தேறி ஏழு மாதம் சும்மா இருந்தவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று சர்க்கார் வேலை. பேச்சிப்பாறைப் பக்கம், கால்வாய் மராமத்து. மற்றது புதுக்கடையில் தங்கையா என்ற கான்டிராக்டரிடம் மேனேஜர். ஒரு வியாபாரிக்குக் கொப்பரையைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கி கட்டும் வேலையை அவர் எடுத்திருந்தார். சர்க்கார் வேலையில் சேர நாற்பது நாள் தவணை இருந்தது. அதுவரை தங்கையாவிடம் இருந்து பார்க்கலாம் என்று போனேன்.

தாளின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். சர்க்கார் பக்கம் பென்ஷன், மரியாதை, பெண் கொடுக்க ஆள். (அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் உண்டு.) தங்கையா பக்கம், இருபத்திரண்டு வயதிலேயே முப்பத்தாறு பேரை மேய்க்கும் அதிகாரம். (தங்கையாவின் வாயும் உண்டு.) எப்படி எண்ணினாலும் பதினொன்றுக்குப் பதினொன்று. நான்கு தாள் தீர்ந்தது.

மரவேலைக்கு நாகமணி ஆசாரி. கிட்டங்கியின் உள்ளகலம் பத்துக் கோல் என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்து ஆசாரிமார் கட்டட அளவை அடியில் சொல்ல மாட்டார்கள். கையில் இருக்கும் கோல்தான் கணக்கு. ஒரு கோல் இரண்டரை அடி என்று எப்போதோ யாரோ சொன்னது என் மண்டையில் இருந்தது. பத்துக் கோலுக்கு இருபத்தைந்து அடி. நானே டேப் பிடித்து அஸ்திவாரத்துக்கு அடையாளம் போட்டேன், சுவர் எழும்பியது.

ஒருநாள் ஆசாரி சாப்பிடப் போன நேரம் அவருடைய கோலை அளந்து பார்த்தேன். இருபத்தெட்டு அங்குலம்தான் இருந்தது. முப்பது இருக்க வேண்டாமா? யோசித்தேன். தலைமுறை தலைமுறையாக வந்த கோல். தரையில் ஊன்றி ஊன்றி இரண்டு அங்குலம் தேய்ந்திருக்கிறது. பாவம், அறுபது வயது மனுஷன். அவர் மனம் புண்படக் கூடாதென்று யாரிடமும் சொல்லவில்லை. (என் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது.) அவரோ தம் வீட்டுப் பட்டறையில், அதே கோலால் அளந்து, கூரைக்கு ஒன்பது உத்தரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டாம் நாள் உத்தரம் வைப்பு. நல்ல நேரம் ஒன்பதரைக்கு. என் சுவர்கள் நிற்கும் அழகைக் காலையில் பார்த்தேன், தராசு சாய்ந்துவிட்டது. சர்க்கார் வேலை வேண்டாமென்று நான்கு வரி எழுதி, எட்டேகாலுக்கு அஞ்சல் பெட்டியில் போட்டேன்.

விளக்கேற்றித் தேங்காய் உடைத்தார்கள். எட்டுப் பேர் கயிறு கட்டி உத்தரத்தை ஏற்றினார்கள். மேற்கு முனை சுவரில் உட்கார்ந்தது. கிழக்கு முனை இறங்கியது, இறங்கியது, சுவரைத் தொடாமல் இன்னும் இறங்கியது. உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே வானம் தெரிந்தது. “விட்டுட்டு மாறுங்கலே” என்று யாரோ கத்த, எல்லாரும் விலகினார்கள். மரம் சுவர்களுக்கு நடுவே விழுந்த சத்தத்தில் விளக்கு அணைந்தது. ஒருவருக்கும் அடி இல்லை. எனக்கு மட்டும் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

“ஆசாரியே, உத்தரம் குட்டையால்லா இருக்கு?” என்றார் தங்கையா.

ஆசாரி கோலை எடுத்துத் தரையில், சுவரிலிருந்து சுவருக்கு, பத்துத் தரம் மாற்றி மாற்றி வைத்தார். பத்தாவது முடிந்த பிறகும் இருபது அங்குலம் மிச்சம் கிடந்தது.

“பத்துக் கோலு இங்க முடிஞ்சாச்சு. மிச்சம் யாருக்க கணக்கு? சுவத்துல ஏறி இருக்க ரெண்டு பக்கமும் அரையடி கூட்டித்தான் அறுத்தேன். அப்படியும் எட்டு அங்குலம் எட்டல்ல.”

நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. “உங்க கோல் பழசு ஆசாரியாரே. தேஞ்சு போச்சு.”

“பழசா? இது போன சித்திரையில நான் செதுக்குன கோலு பிள்ளே. கோலுன்னா என்னைக்கும் இந்த நீளந்தான்.”

நாற்பத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தங்கையா சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஓவர்சியரே, சுவரு தானா நீங்கி நின்னுதோ?” என்றார்.

அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அஞ்சலாபீசில் மாஸ்டர் கடிதப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், எனக்க கடிதாசியத் திருப்பித் தரணும்.”

“உமக்கு வந்ததா?”

“நான் போட்டது. வேலை வேண்டாம்னு எழுதிட்டேன்.”

“வேண்டாம்னா பிறகு எதுக்கு வே இந்த ஓட்டம்?”

அவர் முடிச்சை இறுக்கினார். கடிதம் பஸ் ஏறியது. மறுநாள் பேச்சிப்பாறைக்கே போய் நின்றேன். கடிதம் எனக்கு முன்னால் போயிருந்தது. என் நாற்காலிக்கு வேறொருவர் பெயரும் எழுதியாகிவிட்டது.

திரும்பிப் புதுக்கடைக்குத்தான் வர வேண்டியிருந்தது. அதற்குள் ஆசாரி வழி சொல்லியிருந்தார். ஒவ்வோர் உத்தரத்தின் இரு முனைக்கும் அடியில், சுவரை ஒட்டி உள்ளே ஒரு தூண். மொத்தம் பதினெட்டு.

“முதலாளி, நான் போயிடட்டுமா?” என்றேன்.

“எங்க போவீரு? தூணு பதினெட்டையும் நின்னு கெட்டும். இம்புட்டுப் பெரிய தப்ப ஒருத்தனால ரெண்டு தரம் செய்ய முடியாது வே.”

(முடியும். ஆனால் அது வேறு கதை.)

அவரிடமே இருபத்தேழு வருஷம் இருந்தேன். வீட்டில் என் மரியாதை மட்டும் அன்றைய உத்தரத்தைப் போலவே கீழே கிடக்கிறது. போன மாதம் என் பேத்திக்கு இரண்டு கம்பெனியிலிருந்து வேலை வந்தது. அவளும் கட்டட வேலைதான் படித்தவள். இரண்டையும் எடைபோட்டுச் சொல்கிறேன் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். என் மகன் அவளைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்:

“மக்கா, தாத்தா எதுல சேரச் சொல்லுதாருன்னு நல்லா கேட்டுக்க. பிறகு மத்ததுல சேரு.”

அவள் அப்படியே செய்தாள். நன்றாக இருக்கிறாளாம்.