தொள்ளாயிரம் ஆண்டு உயிர்வேலி

மனிதகுலம் உயிர்வேலியை வாசிக்கக் கற்றுக்கொண்டது சென்ற ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். வாசித்தவன் நான். அடக்கம் கருதி இதை இதுவரை இரண்டு கருத்தரங்குகளில் மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

இங்கிலாந்தின் டெவனில் எங்கள் நெதர்கூம் கிராமத்து வயல்களுக்கிடையே ஓடும் புதர்வேலிகள் வெறும் வேலிகள் அல்ல, "உயிருள்ள பண்பாட்டு நிலவெளி" என்று ஊராட்சிக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நிலவெளி என்றால் பார்வையாளர்கள் வருவார்கள். வந்தால் கார் நிறுத்த இடம் வேண்டும். அதற்கு ஒரு வேலியை அகற்றியாக வேண்டும். வேலியைக் காண வருபவர்களுக்காக வேலியை அகற்றுவதிலுள்ள முரண் மிக ஆழமானது. ஆகவே குழு அதற்குள் இறங்கவில்லை.

லஸ்கம் அம்மாள் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்கும் மேட்டில் இரண்டு வேலிகள் இருந்தன. இளையது போகலாம். எது இளையது என்று சொல்ல நவீன இலக்கிய விமர்சனம் பயின்ற ஒருவர் தேவைப்பட்டார்; தாவரவியலாளர் கட்டணம் கேட்டிருந்தார்.

விதி எளிது: முப்பது கெஜத்தில் எத்தனை வகை மரஞ்செடியோ, அத்தனை நூற்றாண்டு.

கிழக்கு வேலி ஆள் உயர மண்கரையின்மேல் இலையுதிர்ந்து நின்றது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பார்த்துப் பழகிய ஹாலியையும் ஐவிக் கொடியையும் உடனே அடையாளம் கண்டேன். மற்றவை குச்சிகள். குச்சிகள் குறித்து விமர்சன மரபு மௌனம் சாதிக்கிறது. இரண்டு வகை; இருநூறு ஆண்டு.

மேற்கு வேலி ஒத்துழைத்தது. முழங்கால் உயரம். ஒவ்வொரு கன்றும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. தன் அடிக்குறிப்புகளைத் தானே சுமக்கும் பிரதியை அதற்குமுன் நான் கண்டதில்லை. ஒன்பது பெயர்கள். தொள்ளாயிரம் ஆண்டு!

"தம்பி, அது நான் வச்ச வேலி," என்றார் லஸ்கம் அம்மாள். "போன வருஷம் மானியம் குடுத்தாங்கன்னு வச்சேன். இந்தா பாரு, மம்பட்டி பிடிச்சுக் கையில காய்ச்ச காப்புகூட இன்னும் போகல."

"நட்டவர் சொல்றத ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. எழுதுனவர் மாதிரியே நட்டவரும் இறந்துட்டதா வச்சுக்கிட்டுத்தான் வாசிக்கணும். அதுதான் கோட்பாடு."

"நான் எங்கடா செத்தேன்? உன் முன்னாலதான நிக்கிறேன்!"

"அது உங்க தனிப்பட்ட கருத்து."

அவர் கிழக்குப் பக்கம் கையை நீட்டினார். "சரி, செத்தே போனேன்னு வச்சுக்க. கிழக்கு வேலிய மட்டும் எடுத்துறாதீங்க. மார்ச்சுல கிழக்குக் காத்து கத்தி மாதிரி வரும். அந்தக் கரையோரம் ஒதுங்கித்தான் என் ஆடுங்க குட்டி போடும்."

'பயன்பாட்டு நோக்கிலான வாசிப்பு. மேலோட்டமானது' என்று குறித்துக்கொண்டேன்.

ஊராட்சிக் கூட்டத்தில் குழுத் தலைவர் எண்டகாட் என் அறிக்கையை உயர்த்திக் காட்டினார். "தம்பி எழுதுனதுல ஒரு வரிகூட எனக்குப் புரியல. அப்ப உசத்தியாத்தான் இருக்கும். கை தூக்குங்க." அனைவரும் தூக்கினார்கள். ஒருவர் தூக்கியது தேநீரோடு வைத்த ஸ்கோன் ரொட்டியை எடுக்கத்தான், அதுவும் எண்ணப்பட்டது.

'இளைய' வேலியின் வேர்களைப் பிடுங்க இயந்திரம் மூன்று நாள் திணறியது. இளமையின் பிடிவாதம் என்று விளங்கிக்கொண்டேன்.

மார்ச்சில் கார் நிறுத்துமிடத்தின் திறப்பு விழா. பேருந்தில் வந்திறங்கிய லண்டன் பெண்மணி ஒருவர் மேற்கு வேலியின் முன் மண்டியிட்டார். "தொள்ளாயிரம் வருஷம்! ஆனா எவ்வளவு அடக்கமா வளந்திருக்கு!" கண் கலங்கினார். அதற்குள் கிழக்குக் காற்று அவர் தொப்பியைக் கழற்றி மேடு முழுக்க உருட்டிக்கொண்டு போனது. தடுக்க வழியில் எதுவும் இல்லை.

ரிப்பன் வெட்ட லஸ்கம் அம்மாளை அழைத்துவர நானே போனேன். வாசலில் சாக்கு மூடிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. சாக்கின் ஓரத்தில் சின்னச் சின்னக் குளம்புகள். உள்ளே, அடுப்பருகே, துண்டில் சுற்றிய ஒரு குட்டிக்கு அவர் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நீ போ தம்பி, கூட்டம் காத்துக்கிட்டிருக்கும்," என்றார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். என் வீட்ட வாசிச்சிராத. சுவரு முழுக்க ஒரே வகைக் கல்லு."