உர்ஹோ மட்டும் அறிந்த இடம்

முற்றத்து ஊசியிலை மரத்தின் கிளைகளுக்கு இடையில் மூன்று காளான்கள் செருகப்பட்டிருந்தன. காப்பிக் கோப்பையும் கையுமாக ஜன்னலோரம் நின்ற உர்ஹோ, கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

பழுப்புத் தொப்பி, குண்டுக் காம்பு. சந்தேகமே இல்லை, அவருடைய காளான்தான். சதுப்பு நிலத்தைத் தாண்டி, பெரிய பாறைக்குப் பக்கத்தில், அவர் மட்டும் அறிந்த இடத்தில் விளைவது. அம்மா சாகக் கிடந்தபோது அக்காவை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு அவர் காதில் மட்டும் சொன்ன இடம். அவர்களுடைய கைனூ வட்டாரத்தில் வீட்டையும் வயலையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். காளான் இடத்தைப் பிரிப்பதில்லை. முப்பத்தெட்டு வருடமாக மனைவி ஹில்க்காவிடம்கூட அவர் மூச்சுவிட்டதில்லை.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருக்கு ஊரில் வேறு என்ன பெருமை இருக்கப்போகிறது? இலையுதிர் கால விருந்தில் அவருடைய கூடையைப் பார்த்து, எங்கே கிடைத்தது என்று கேட்க வாயெடுத்து, மரியாதை கருதி மூடிக்கொள்ளாத ஆள் கிடையாது. அந்த நிமிடத்துக்காகத்தான் மனிதர் வருடம் முழுவதும் காத்திருப்பார்.

இப்போது யாரோ இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதோடு விடாமல், வீடு தேடி வந்து மரத்தில் செருகிக் கேலியும் செய்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டுத் தாவெத்திதான். போன சனிக்கிழமை, இருவரும் வாராவாரம் சேர்ந்து வியர்க்கும் சௌனா என்கிற நீராவி அறையில், சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காரணமில்லாமல் சிரித்தான். அவன் சிரித்து உர்ஹோ நாற்பது வருடத்தில் பார்த்ததில்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் இடத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதற்குப் பதில் உயிரையே விடலாம். ஆகவே உர்ஹோ வழக்கமாகப் போகிற புதன்கிழமையை மாற்றினார், வழியையும் மாற்றினார். சைக்கிளைக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தி, மழைக்கோட்டுக்குள் கூடையை மறைத்து, பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் நழுவினார். கொண்டுவந்ததை, எப்போதும் வைக்கிற விறகுக் கொட்டகையிலேயே, யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தார்.

மறுநாள் மரத்தில் ஏழு காளான்கள் இருந்தன.

அது போதாதென்று, கல்லறைத் தோட்டத்தில் அவரை மூன்று தடவை பார்த்துவிட்ட தபால்காரி மார்த்தா, உர்ஹோவுக்கு மனசு சரியில்லை என்று கடிதத்தோடு கடிதமாக வீடுவீடாகக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை பாதிரியார் ஏலக்காய் ரொட்டியோடு வந்து, இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொறுத்தது போதும் என்று உர்ஹோ பதிலடியில் இறங்கினார். கடையில் வெள்ளைக் காளான் ஒரு பெட்டி வாங்கி, தாவெத்தி வெளியே போன நேரம் பார்த்து அவன் வீட்டு மரத்தில் வரிசையாகச் செருகினார். 'உனக்கு இதுதான் லாயக்கு' என்று அர்த்தம். மறுநாள் அந்த வெள்ளைக் காளான்கள் அத்தனையும் உர்ஹோவின் மரத்துக்கே திரும்பியிருந்தன.

அந்தச் சனிக்கிழமை அவர் சௌனாவுக்குப் போகவில்லை. சளி என்று சொல்லியனுப்பினார். அடுத்த சனிக்கிழமையும் சளி. தாவெத்தி தானே வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றான். கையிலிருந்த இரண்டு பீர் பாட்டில்களில் ஒன்றைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்த முதுகை உர்ஹோ திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் வாழ்நாள் முழுக்கத் தனியாகத்தான் வியர்க்க வேண்டுமா என்று நினைத்தபோது அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சளி பிடிச்சவன் மூக்கு இப்படியா காஞ்சு கிடக்கும்?" என்றாள் ஹில்க்கா. "போய்ப் பேசித் தொலைங்க ரெண்டு பேரும்."

பேசுவதாவது. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவுசெய்து, மறுநாள் காலை விறகு அடுக்குக்குப் பின்னால் தொலைநோக்கியோடு பதுங்கினார். முதல் உறைபனி பெய்திருந்தது. அரைமணி நேரத்தில் கால் மரத்தது, ஒரு மணி நேரத்தில் முகமே மரத்தது. அப்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"எதைய்யா பாக்கற?" என்றான் தாவெத்தி.

"உன்னைத்தான்."

தாவெத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, தானும் பக்கத்தில் குந்தினான். அந்த நேரம் பார்த்து விறகுக் கொட்டகைக்குள்ளிருந்து ஓர் அணில் வெளியே வந்தது. வாய் நிறைய உர்ஹோவின் காளான். கடகடவென்று மரத்தில் ஏறி, கிளை இடுக்கில் காளானை வைத்து அழுத்தி, ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுக்க இறங்கியது.

"காயப்போடுது," என்றான் தாவெத்தி. "பனி மூடிட்டா அதுக்கு வேற என்ன இருக்கு? ஏப்ரல் வரைக்கும் இதையும் ஊசிமரக் காயையும் வச்சுத்தான் ஓட்டணும். என் மரத்துல யாரோ வெள்ளைக் காளானை வேற செருகி வச்சாங்க. அதையும் இதுதான் தூக்கிட்டு வந்துச்சு."

உர்ஹோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது. வாழ்நாளில் பேசாத பேச்சையெல்லாம் விறகுக்குப் பின்னால் கொட்டித் தீர்த்தார். கல்லறைத் தோட்டம், மழைக்கோட்டு, சளி, எல்லாம். இடம் எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை. தாவெத்தியும் கேட்கவில்லை. அவன் கண்ணில் மட்டும் நீர் கோத்திருந்தது, குளிராக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் சௌனா அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஹில்க்காவும் காரியம் முடிந்த சந்தோஷத்தில் தொத்திறைச்சி வாட்டப் போனாள். கூடையில் மிச்சமிருந்ததை உர்ஹோ மரத்தடியிலேயே கவிழ்த்துவிட்டார், குளிர்காலத்தை அது நன்றாக ஓட்டட்டும் என்று. தன் ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது, நண்பனும் திரும்பக் கிடைத்துவிட்டான். இவ்வளவு நிறைவாக அவர் வியர்த்ததே இல்லை.

சிவந்த உடம்பும் துண்டுமாக இருவரும் படியில் உட்கார்ந்து ஆறிக்கொண்டிருந்தபோது, தேவாலயத்திலிருந்து திரும்பிய மார்த்தா வேலியோரம் சைக்கிளை நிறுத்தினாள். உர்ஹோ சிரிப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது. தாவெத்தி கண்ணைக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"அப்பாடா, உனக்குத் தேவலையாயிடுச்சா? இனிமே பழையபடி புதன்கிழமையே போ, உர்ஹோ. ஊரே செவ்வாய்க்கிழமை பறிச்சுக்கிட்டு உனக்குப் பாதியை விட்டுட்டு வந்துக்கிட்டிருந்தோம். நீ திடுதிப்புன்னு நாளை மாத்தினதுல, பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு எங்களுக்கெல்லாம் இடுப்பு போச்சு, ஹில்க்காவுக்கு முட்டியும் போச்சு."