தேவாங்கு போட்ட பாலம்

ஒரு காட்டில், அரசாங்க முத்திரை குத்திய காட்டில்தான், ஒரு தேவாங்கு இருந்தது. பெயர் நிதானமூர்த்தி. ஓவியம் வரையும், சிலை செதுக்கும், பறக்கும் எந்திரத்துக்குப் படம் போடும், தவளையின் தொடையில் எத்தனை தசை என்று எண்ணும். எல்லாமே இடது கையால். எதையும் முடிக்காது. அதுதான் அதனிடம் இருந்த ஒரே கோளாறு.

சிங்க ராஜாவின் மனைவியைப் படம் வரைய உட்கார்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. முகம் வந்துவிட்டது. இடது காது மட்டும் வரவில்லை. ராணி கேட்டதற்கு, "காதுன்னா என்னன்னு இன்னும் எனக்குப் பிடிபடலைங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஆற்றில் நீர் எப்படிச் சுழிக்கிறது என்று பார்க்கப் போய்விட்டது. ராணிக்குக் கோபம் வரவில்லை. வேறு யாரும் தன்னை எட்டு வருஷம் உற்றுப் பார்த்ததில்லை என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டது.

அந்த ஆற்றங்கரையில்தான் செவந்தி என்ற சருகுமான் அதைப் பிடித்தது. அதற்குக் குடியிருப்பு தென்கரையில்; பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அலுவலகம் எல்லாம் வடகரையில். போன மழையில் பள்ளிக்கூடம் போன செவந்தியின் குட்டியை ஆறு கொண்டுபோயிருந்தது.

"அண்ணே, நீங்க என்னென்னமோ போடுறீங்க. எங்களுக்கு ஒரு பாலம் போட்டுக் குடுங்க."

"நான் எதையும் முடிக்க மாட்டேனே தாயி."

"இதை முடிங்கண்ணே. இன்னொண்ணு வயித்துல இருக்கு."

நிதானமூர்த்தி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வெட்கப்பட்டது. பறக்கும் எந்திரத்தைச் சுருட்டி வைத்தது. தவளைகளுக்கு விடுமுறை கொடுத்தது. மூன்றே மாதத்தில் பாலத்தின் வரைபடத்தை முடித்தது. ஆணி கிடையாது, கயிறு கிடையாது. ஒரு மூங்கிலை இன்னொரு மூங்கில் தாங்கும். மேலே எடை ஏற ஏற இறுகும். யானையே போகலாம்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனது. அங்கே கண்காணிப்பாளர் ஒரு முள்ளம்பன்றி. பேனா வேண்டும் என்றால் முதுகிலிருந்து ஒன்றை உருவிக்கொள்ளும் வசதி இருந்ததால் அந்தப் பதவி கிடைத்தது என்று பேச்சு. வரிசையில் நான்கு நாள் நின்று, படிவத்தை நிரப்பி, தேவாங்கு இடது கையால் கையெழுத்துப் போட்டது.

முள்ளம்பன்றி நிமிர்ந்து பார்த்தது. "இடது கையா?"

"ஆமா சார், பழக்கம்."

"இடது கைன்னா பெருவிரல் ரேகை. கையெழுத்துன்னா வலது கை. நீங்க இடது கையை நீட்டிட்டதால, எழுதப் படிக்கத் தெரியாதவர்னு பதிஞ்சாச்சு."

"சார், இந்த வரைபடத்தை நான்தானே போட்டேன்."

"அதுலதான் சிக்கலே. எழுதப் படிக்கத் தெரியாதவர் இப்படி ஒரு வரைபடம் போட்டிருக்க முடியாது. போட்டவர் யாருன்னு விசாரிச்சு அவரை நேர்ல வரச் சொல்லுங்க."

தேவாங்கு வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம் வலது கையால் கையெழுத்துப் போடப் பழகியது. மறுபடி வரிசையில் நின்றது. முள்ளம்பன்றி இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலையே" என்றது. முள்ளம்பன்றியைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். வேலையில் அவ்வளவு சுத்தம்.

அந்த ஆவணியில் நிதானமூர்த்தி கிளையைப் பிடித்த பிடியிலேயே செத்துப்போனது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. தேவாங்கு என்பதால் யோசிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

செத்த பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. காதில்லாத ராணியைப் பார்க்கப் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டம் வந்தது. அந்தக் காது ஏன் இல்லை என்று நரிகள் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கின. ராஜா வடகரையில் ஒரு அருங்காட்சியகம் கட்டினார். கட்டி முடிக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. மூங்கில் மட்டும் நாலாயிரம் கழி செலவு. நடுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், குளிர்சாதனத்தோடு பாலத்தின் வரைபடம். அந்த ஒன்பது வருஷத்துக்குள் செவந்தி இன்னும் இரண்டு குட்டிகளை ஆற்றுக்குக் கொடுத்திருந்தது.

திறப்பு விழாவுக்குச் செவந்தியும் வந்தது. வாசலில் 'நனைந்தவர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. தென்கரையிலிருந்து நனையாமல் எப்படி வருவது? மத்தியானம் வரை வெயிலில் நின்று காய்ந்துவிட்டு உள்ளே போனது. ஒரு மைனா மைக்கைப் பிடித்துக்கொண்டு, வளைவின் நயத்தை விளக்கிக்கொண்டிருந்தது.

"இதைப் பாத்து ஒரு பாலம் கட்டக் கூடாதாம்மா?" என்று செவந்தி கேட்டது.

"கட்டறதுக்கு இதை வெளியில எடுக்கணும்ங்க. இது பாரம்பரியச் சொத்து. ஈரக்காத்து பட்டா வீணாயிடும்."

"நீங்களாவது ஒரு நகல் எடுத்து…"

"போட்டோ எடுக்க அனுமதி இல்லைங்க. அப்படியே நகருங்க, பின்னாடி நிக்கறாங்க."

செவந்தி நகர்ந்தது. வெளியே வந்தால் மேற்கே மழை பிடித்து ஆறு ஏறியிருந்தது. அக்கரையில் கடைசிக் குட்டி தனியாக நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தியது. செவந்தி இறங்கி நீந்தியது. தண்ணீர் மூக்குவரை வந்தது. மூங்கில் எப்படி மூங்கிலைத் தாங்குகிறது என்று மைனா விளக்குவது கரை சேரும்வரை கேட்டது.

நீதி: மேதைகள் எதையும் முடித்துக் கொடுக்கக் கூடாது. குறையாக விட்டதைச் சுவரில் மாட்டுவார்கள். முழுசாகக் கொடுத்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.